மேற்குச் சென்னைப் புறநகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு மருத்துவக் காப்பு: ‘ஊனம்’ என்னும் ஒரு சொல்லும் அதன் வெவ்வேறு அளவைகளும்

ஆய்வுச் சுருக்கம்

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு மருத்துவக் காப்பும் உதவித்தொகையும் தனித்தனிச் சட்டங்கள், திட்டங்களின் வழியே வழங்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் ‘ஊனம்’ என்பதைத் தனக்கே உரிய அளவையால் அளக்கிறது. தமிழில் அவை அனைத்திற்கும் ஒரே சொல் வழங்குவதால், ஓரிடத்தில் பெற்ற சதவீதம் மற்றோரிடத்திலும் செல்லும் எனப் பயனாளி கருத நேர்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளைக் களமாகக் கொண்டு, இவ்வளவைகள் எங்கே ஒன்றோடொன்று பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன, அவ்விலகலில் யார் காப்பின்றி நிற்கின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊனம், மாற்றுத்திறனாளி, தொழிலாளர் அரசு ஈட்டுறுதி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, நிராமயா, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி.

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகரை இணைத்துப் பார்ப்பது தொழில். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதே காலத்தில் ஆவடியில் எழுந்த கனரக ஊர்தித் தொழிற்சாலை, இவற்றைச் சார்ந்து வளர்ந்த சிறு பட்டறைகள் என இப்பகுதியின் வாழ்வு இயந்திரத்தோடு பிணைந்தது. பூந்தமல்லிக்கு மற்றொரு முகமும் உண்டு. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கு அமைந்துள்ளன. உடற்குறையோடு பிறந்தோரும், வேலையிடத்தில் உறுப்பை இழந்தோரும் ஒரே பேருந்தில் பயணம் செய்யும் பகுதி இது. ஆயினும் மருத்துவக் காப்பு என்று வரும்போது, இவ்விரு சாராரும் வெவ்வேறு சட்டங்களின் வாயிலில் நிற்கின்றனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை சுமார் 11.8 லட்சம். அக்கணக்கெடுப்பு எட்டு வகைகளையே கொண்டிருந்தது. இன்றைய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆகவே அவ்வெண்ணைக் குறைந்த அளவாகவே கொள்ளவேண்டும்.

சொல்லும் சட்டமும்

‘ஊனம்’ என்பது குறைவு என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்தது. உடற்குறைகளை வகைப்படுத்தி எண்ணும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றின் 28ஆம் பாடல் எண்வகைக் குறைகளைப் பட்டியலிடுகிறது. 1995ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் ஏழு வகைகளைக் கூறிற்று. அதன் இடத்தில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அப்பட்டியலை 21 ஆக விரித்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் அணுச் சோகை ஆகிய குருதி நோய்கள் இவ்விரிவில் இடம்பெற்றவை. வாழ்நாள் முழுவதும் மருத்துவமனையோடு தொடர்புடையோர் இதனால் சட்டத்தின் பார்வையில் மாற்றுத்திறனாளிகள் ஆயினர். மருத்துவச் செலவும் மாற்றுத்திறனும் பிரிக்க இயலாதவை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது எனலாம்.

தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டளவில் ‘ஊனமுற்றோர்’ என்பது அரசு வழக்கிலிருந்து நீங்கி, ‘மாற்றுத்திறனாளி’ என்பது நிலைபெற்றது. மனிதரைக் குறிக்கும் சொல் மாறியது. அளவைக் குறிக்கும் சொல் மாறவில்லை. சான்றிதழில் இன்றும் ‘ஊனத்தின் சதவீதம்’ என்றே எழுதப்படுகிறது. ஆங்கிலச் சட்டமொழி மூன்று சொற்களை வேறுபடுத்துகிறது. உறுப்பின் இழப்பு அல்லது செயலிழப்பு ‘இம்பேர்மென்ட்’. அவ்விழப்பு சூழலின் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் சமூகப் பங்கேற்பைக் குறைக்கும் நிலை ‘டிசெபிலிட்டி’. வேலைக்காயத்தால் ஒருவரின் உழைத்து ஈட்டும் திறன் குறைதல் ‘டிசேபிள்மென்ட்’. தமிழ்ப் படிவங்களில் இம்மூன்றும் ‘ஊனம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இதனைக் கலைச்சொல்லாக்கக் குறைபாடு என்று மட்டும் கூறிக் கடந்துவிட இயலாது. இதன் விளைவைத் தொழிற்பேட்டையில் காணலாம்.

அம்பத்தூர்: விரலின் விலை

அழுத்துப்பொறியில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் தம் வலக்கையின் கட்டைவிரலை இழக்கிறார் எனக் கொள்வோம். பத்துப் பேருக்குக் குறையாது பணிபுரியும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாத ஊதியம் பெறுபவர் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தின் கீழ் வருவார். பேச்சு வழக்கில் இ.எஸ்.ஐ. எனப்படும் இத்திட்டத்திற்குத் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். நோய்க்காலப் பணப்பயனுக்குக் குறிப்பிட்ட காலம் சந்தா செலுத்தியிருத்தல் வேண்டும். வேலைக்காயத்திற்கு அந்நிபந்தனை இல்லை. பணியில் சேர்ந்த முதல் நாளே காயம்பட்டாலும் உரிமை உண்டு. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், வீட்டிற்கும் வேலையிடத்திற்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும், பணியோடு அதன் தொடர்பு நிறுவப்பட்டால், வேலைக்காயமாகவே கொள்ளப்படுகிறது.

காயம் ஆறும்வரை தற்காலிக ஊனத்திற்கான பணப்பயன் ஊதியத்தில் 90 சதவீத அளவில் வழங்கப்படும். பின்னர் மருத்துவக் குழு நிரந்தர ஊனத்தை மதிப்பிடும். இம்மதிப்பீட்டிற்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அடிப்படையாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே முறையைத் தொடர்கிறது. கட்டைவிரல் இழப்பு 30 சதவீதம். ஒரு கையில் இரண்டு விரல்கள் 20, மூன்று விரல்கள் 30, நான்கு விரல்கள் 50. கட்டைவிரலும் நான்கு விரல்களும் சேர்ந்து போனால் 60. சுட்டுவிரல் முழுவதும் 14, நடுவிரல் முழுவதும் 12. உடல் எவ்வளவு சிதைந்தது என்பதை இவ்வெண்கள் கூறவில்லை. ஈட்டும் திறனில் எவ்வளவு குறைந்தது என்பதையே கூறுகின்றன.

நாளொன்றுக்குச் சராசரியாக 600 ரூபாய் ஊதியம் பெற்றவர் எனின், அதில் 90 சதவீதம் 540 ரூபாய். அதில் 30 சதவீதம் 162 ரூபாய். முப்பது நாள் மாதத்திற்கு 4,860 ரூபாய் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். அவர் வேலையில் தொடர்ந்தாலும் இத்தொகை நிற்பதில்லை. குழுவின் மதிப்பீட்டை ஏற்காதவர் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் ஈட்டுறுதி நீதிமன்றத்தையும் அணுகலாம்.

இவ்வாறு 30 சதவீதம் பெற்றவர், அச்சான்றை எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்குச் செல்வது இயல்பு. அங்கு அது செல்லாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கீழ்ச் சான்றளிக்கும் மருத்துவ அதிகாரி, நடுவணரசு 2018 ஜனவரியில் வெளியிட்டு 2024 மார்ச்சில் திருத்திய மதிப்பீட்டு நெறிமுறைகளைப் பின்பற்றுகிறார். அவை ஈட்டும் திறனைக் கேட்பதில்லை; உடலின் நிரந்தரக் குறைபாட்டை அளக்கின்றன. நலத்திட்டங்களுக்கான வாயில் 40 சதவீதத்தில் திறக்கிறது. ஒரு கையின் கட்டைவிரலை மட்டும் இழந்தவர் அவ்வாயிலை எட்டுவதில்லை. ஆக, ஒரே கை ஓர் அலுவலகத்தில் ‘நிரந்தர ஊனம்’ உடையது; மற்றோர் அலுவலகத்தில் உதவிக்கு உரிய அளவு ஊனம் இல்லாதது. இரு முடிவுகளும் சட்டப்படி சரியானவை. தொழிலாளிக்கோ இது ஓர் அலுவலர் மற்றோர் அலுவலரைப் பொய்யாக்குவதாகவே தோன்றும்.

இன்னொரு முரணும் கவனிக்கத்தக்கது. இ.எஸ்.ஐ. திட்டத்தின் ஊதிய வரம்பு மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 25,000 ரூபாய். அவ்வரம்பிற்கு மாற்றுத்திறனாளி யார் என்பதை முடிவு செய்வது இ.எஸ்.ஐ.யின் சொந்த அட்டவணையன்று; 40 சதவீதச் சான்றிதழே. எனவே கட்டைவிரலை இழந்து அதே திட்டத்தில் வாழ்நாள் பணப்பயன் பெறுபவர், ஊதியம் 22,000 ரூபாயாக உயர்ந்தால், நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் பொது மருத்துவக் காப்பிலிருந்து வெளியேறுவார். அருகில் பணிபுரியும், இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்டு 60 சதவீதச் சான்று பெற்றவர், அதே ஊதியத்தில் உள்ளேயே இருப்பார். ஒரு திட்டத்திற்குள்ளேயே இரு அளவைகள் இயங்குகின்றன.

நூற்றிருபது ரூபாய்

வேலைக்காயத்தால் நிரந்தர ஊனமுற்று வேலையை விட நேர்ந்தவருக்கு மருத்துவக் காப்பு என்னவாகும் என்பது, பணப்பயனைக் காட்டிலும் முதன்மையான வினா. சந்தா நின்றவுடன் காப்பும் நின்றுவிடும் என்பதே பரவலான எண்ணம். சட்டம் அவ்வாறு கூறவில்லை. அத்தகையவர் ஓய்வுபெறும் வயதை எட்டியிருக்கக்கூடிய நாள்வரை, தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவப் பயனைத் தொடரலாம். அதற்குரிய கட்டணத்தை ஈட்டுறுதி விதிகள் மாதம் 10 ரூபாய் என வகுத்துள்ளன. ஓராண்டிற்கு 120 ரூபாயை முன்னதாகச் செலுத்துதல் வேண்டும். அயனாவரம் ஈட்டுறுதி மருத்துவமனையிலும் கே.கே.நகர் ஈட்டுறுதி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெறும் உயர்சிகிச்சையின் செலவோடு ஒப்பிட்டால் இத்தொகை ஒன்றுமில்லை.

இதில் இரு நுணுக்கங்கள் உள்ளன. முதலாவது, பிள்ளைகள் இத்தொடர்ச்சியில் அடங்கார். காப்பீட்டாளர் பணியில் இருக்கும்வரை, உடல் அல்லது மனக் குறைபாட்டால் முழுதும் அவரைச் சார்ந்து வாழும் பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை. தந்தை வேலையை இழந்தபின் இத்தொடர்ச்சியில் அப்பிள்ளைக்குக் காப்பு இல்லை. இரண்டாவது, வேலையிழப்பிற்குக் காரணம் ஊனமே என்பது ஆவணத்தில் இருத்தல் வேண்டும். கணக்குத் தீர்க்கும் அவசரத்தில் ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என எழுதிக் கையொப்பமிடும் தொழிலாளி, இவ்வுரிமையை நிறுவும் சான்றைத் தம் கையாலேயே பலவீனப்படுத்திக்கொள்கிறார். தொழிற்சங்கங்கள் இழப்பீட்டுத் தொகைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியையேனும் இவ்வொற்றை வரிக்குக் காட்டுதல் நலம்.

பத்துப் பேருக்குக் குறைந்தோர் பணிபுரியும் பட்டறைகளுக்கு இ.எஸ்.ஐ. பொதுவாகப் பொருந்தாது. அங்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் வழிவந்த முறையே துணை. சதவீத அட்டவணை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கிடைப்பது ஒருமுறை வழங்கும் தொகையும் அக்காயத்திற்கான மருத்துவச் செலவும் மட்டுமே. தொடர் மருத்துவக் காப்பு இல்லை.

பத்தாயிரம் ரூபாய்க் கோடு

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்போர்க்கு முதன்மையான காப்பு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11 முதல் இப்பெயரில் தொடரும் இத்திட்டம், 2018 செப்டம்பரில் நடுவணரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதக் கணக்கில் இது 10,000 ரூபாய். வாடகையும் பேருந்துச் செலவும் மிகுந்த புறநகரில், மாதம் 11,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்தை வசதியுடையது என எவரும் கூறார். திட்டம் மட்டும் அவ்வாறு கொள்கிறது. வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருப்பதால் ஏற்படும் கூடுதல் செலவு இக்கணக்கில் கழிக்கப்படுவதில்லை.

நடுவணரசுத் திட்டத்தின் தகுதிப் பட்டியல் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஊரகக் குடும்பங்களுக்கான வறுமைக் குறியீடுகளுள் ஒன்று, மாற்றுத்திறனாளி உறுப்பினர் இருந்து, உடல்வலிமையுடைய வயதுவந்தோர் எவரும் இல்லாமை. நகர்ப்புறத்திற்கு இக்குறியீடு இல்லை. அங்குக் குடும்பத்தினரின் தொழிலே அளவுகோல்: வீட்டுவேலை, தெருவணிகம், கட்டடத் தொழில் எனப் பதினொரு வகைகள். அப்பட்டியலில் இரவலர் உண்டு, மாற்றுத்திறனாளி இல்லை. அம்பத்தூரும் ஆவடியும் நகர்ப்புறங்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றில் தகுதியாகக் கொள்ளப்பட்ட நிலை, சில கிலோமீட்டர் கிழக்கே வந்தவுடன் கணக்கில் வராமல் போகிறது.

காப்பின் இயல்பும் வரையறுக்கப்பட்டதே. இது பெரிதும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. செவித்திறன் குறைந்த சிறு குழந்தைகளுக்கான உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை இதில் அடங்குவது பெரும் பேறு. எனினும் தண்டுவடக் காயமுற்றவருக்குத் தேவைப்படுவது ஓர் அறுவையோடு முடிவதில்லை. இயன்முறைச் சிகிச்சை, சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண்ணுக்கான கட்டு ஆகியவை மாதந்தோறும் எழும் செலவுகள். இவை படுக்கை எண் இல்லாத செலவுகள் ஆதலின் காப்பீட்டு அட்டைக்குள் அடங்குவதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இல்லம்சார் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பேணலும் இவ்விடைவெளியில் ஒரு பகுதியை நிரப்புகின்றன.

புறநோயாளிச் செலவையும் தெரபிச் செலவையும் ஏற்கும் அரசுக் காப்பீடு ஒன்று உண்டு. அது தேசிய அறக்கட்டளையின் நிராமயா. ஆண்டொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பு. முன்மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. ஏற்கெனவே உள்ள நிலை என்பதற்காக எவரும் விலக்கப்படுவதில்லை. ஆனால் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் நான்கு நிலைகளுக்கே உரியது: மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஏனையோர்க்கு இவ்வாயில் மூடியிருக்கிறது. உள்ளே இருப்போரும் முதலில் கைப்பணத்தைச் செலவிட்டு, பின்னர் ரசீதுகளை அளித்தே பணத்தைத் திரும்பப் பெறவேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு ரசீது தராத இடத்தில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர்க்கு இக்காப்பு ஏட்டளவில் மட்டுமே நிற்கும்.

நாற்பதும் எழுபத்தைந்தும் எண்பதும்

மருத்துவக் காப்பு ஏற்காத செலவுகளைக் குடும்பங்கள் உதவித்தொகையைக் கொண்டே சமாளிக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். கடும் பாதிப்புக்கு 75 சதவீதமும், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு ஆகியவற்றிற்கு 40 சதவீதமும் தேவை. வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் அதே காலத்தில் 1,500 ரூபாயாக்கப்பட்டது. நடுவணரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் நடுவணரசின் பங்கு மாதம் 300 ரூபாய். அதற்கு 80 சதவீதம் வேண்டும்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி ஏனையோர்க்கான ஒத்த திட்டங்களின் தொகையைக் காட்டிலும் 25 சதவீதமேனும் மிகுந்திருத்தல் வேண்டும் என்கிறது. 2023இல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயாக்கப்பட்டபோது, 1,500 என்பது அவ்விதியைச் சரியாகத் தொட்டு நின்றது. கூடுதலாக ஒரு ரூபாயும் இல்லை. முதியோர் தொகை உயரும் ஒவ்வொரு முறையும் இவ்விகிதத்தைச் சரிபார்த்தல் கொள்கை ஆய்வாளர் செய்யவேண்டிய எளிய, ஆனால் அரிதாகவே செய்யப்படும் பணி.

இருவேறு துறைகள் என்பதால் அலுவலகங்களும் இரண்டு. எந்த மாவட்டத்து அலுவலகம் என்பது இப்பகுதிக்கே உரிய சிக்கல். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. மாவட்ட அளவில் 2018வரை திருவள்ளூரிலேயே இருந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது, மாவட்டம் திருவள்ளூரே. பூந்தமல்லியும் அவ்வாறே. அம்பத்தூருக்கும் ஆவடி மாநகராட்சியின் திருமுல்லைவாயிலுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் எல்லை ஏதும் இல்லை. ஆனால் இப்பக்கத்தவர் சென்னை மாவட்ட நல அலுவலகத்திற்கும் அப்பக்கத்தவர் முப்பது கிலோமீட்டர் அளவு மேற்கே திருவள்ளூருக்கும் உரியவர். 2018க்கு முன் அம்பத்தூர் முகவரியில் பெற்ற பழைய ஆவணங்கள் பிற மாவட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பதும் இதனால்தான்.

இவ்விடத்தில் சட்டம் பயனாளிக்குச் சார்பாகவே நிற்கிறது. 58ஆம் பிரிவின்படி ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். விதிகளின்படி, வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரியிடம் மட்டுமன்றி, சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஆவடிக்காரர் ஒருவர் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவருவாராயின், திருவள்ளூர் செல்லவேண்டிய கட்டாயம் இல்லை. 2021 ஜூன் முதல் சான்றிதழ்கள் இணையவழியே வழங்கப்படுகின்றன. 40 சதவீதத்திற்குக் குறைந்தோர்க்கு வெள்ளை, 40 முதல் 80க்கு உட்பட்டோர்க்கு மஞ்சள், 80க்கும் அதற்கு மேலும் நீலம் எனத் தனித்துவ அடையாள அட்டையின் நிறமே இப்போது அளவைப் பேசுகிறது. கட்டைவிரல் இழந்த தொழிலாளிக்கும் வெள்ளை அட்டை உண்டு. அதை வைத்து எத்திட்டத்திற்கு விண்ணப்பிப்பது என்பதே அவர் அடுத்துக் கேட்கும் கேள்வி.

அதற்கான விடை அதே 24ஆம் பிரிவில் ஒரு பாதியளவே உள்ளது. இ.எஸ்.ஐ.யிலோ வேறு அரசுக் காப்பீட்டிலோ அடங்காத மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் ஒன்றை அது குறிப்பிடுகிறது. இச்சட்டத்திற்கு முன்னரே, 2015 அக்டோபரில், ஸ்வாவலம்பன் என்னும் பெயரில் அத்தகைய திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பயனாளி 357 ரூபாய் செலுத்தினால் போதும். எஞ்சிய காப்பீட்டுக் கட்டணத்தை அரசு ஏற்கும். காப்பு 2 லட்சம் ரூபாய். குடும்ப வருமான வரம்பு ஆண்டிற்கு 3 லட்சம் ரூபாய். மாதம் 10,000 ரூபாய்க் கோட்டிற்கு மேலும் இ.எஸ்.ஐ.க்கு வெளியிலும் நிற்கும் புறநகர்க் குடும்பங்கள் அனைத்தும் ஏறத்தாழ அவ்வரம்பிற்குள் வந்திருக்கும். அத்திட்டம் சில ஆண்டுகளில் நின்றுபோனது. சட்டத்தின் அவ்வுட்பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது.